ஒரு மழை, ஒரு வெள்ளாமை: கோவில்பட்டிக் கரிசலின் வரலாறு

திருநெல்வேலிச் சீமையின் வரலாறு பெரும்பாலும் தாமிரபரணிக் கரையில் நின்றே எழுதப்பட்டு வந்திருக்கிறது. நெல்வயலும் அக்கிரகாரமும் கல்வெட்டு நிறைந்த கோயில்களும் உள்ள இடத்தில் ஆவணம் பெருகுவது இயல்பே. அந்த ஆற்றுக்கு வடக்கே, கயத்தாற்றைத் தாண்டியதும் தொடங்கி, கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் என விரிந்து சாத்தூரையும் அருப்புக்கோட்டையையும் தொடும் கறுப்பு நிலத்தில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. வைப்பாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஆறு. ஆனால் நெல் விளையாத இந்த நிலம்தான் இங்கிலாந்தின் நூலாலைகளுக்குப் பஞ்சும், இந்திய வீடுகளின் அடுப்புகளுக்குத் தீக்குச்சியும், நவீனத் தமிழ் இலக்கியத்துக்குத் தனியொரு மொழிநடையும் தந்தது என்பதை நோக்கும்போது, அதன் வரலாற்றை ஆற்றங்கரையின் பின்னிணைப்பாகப் படிப்பது போதாது என்பது விளங்கும்.

கரிசல் என்பது களிமண் மிகுந்த கறுப்பு மண். ஈரம் பட்டால் உப்பி விரியும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் கை நுழையுமளவு வாய் பிளந்து கிடக்கும் அந்த வெடிப்புகளின் வழியே முதல் மழைநீர் ஆழத்துக்கு இறங்கிவிடுவதாலும், உள்ளே போன ஈரத்தைக் களிமண் எளிதில் விட்டுக்கொடுக்காததாலும், மழை நின்று பல வாரங்கள் ஆன பின்னும் வேர்களுக்கு இந்த மண்ணில் தண்ணீர் கிடைக்கிறது. அதே குணம் இடைஞ்சலும் ஆகும்: மழை பெய்துகொண்டிருக்கும்போது மண் காலிலும் சக்கரத்திலும் அப்பிக்கொள்வதால் உழவும் முடியாது, வண்டியும் போகாது. இப்பகுதியில் ‘காடு’ என்றால் மரம் அடர்ந்த வனம் என்று பொருள் கொள்வதில்லை. மழையை மட்டும் நம்பிய புஞ்சை நிலமே காடு, அதில் வேலைக்குப் போவதே ‘காட்டுக்குப் போதல்’. சிவந்த மண்ணுள்ள நிலத்துக்குச் ‘செவல்’ என்று பெயர். கோவில்பட்டிக்குத் தெற்கேயுள்ள இடைசெவல் போன்ற ஊர்ப்பெயர்களில் மண்ணின் நிறமே முகவரியாக நிற்கிறது.

ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் இந்த வட்டாரத்தில் அதன் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகை மாதங்களில், சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் மழையை இறக்கிவிட்டு இங்கே காற்றை மட்டும் அனுப்புகிறது. ஆகவே மானாவாரிச் சாகுபடி, அதாவது பாசனமின்றி மழை ஈரத்தில் மட்டும் செய்யும் சாகுபடி, ஆண்டுக்கு ஒரு வெள்ளாமைதான் தரும். புரட்டாசியில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவது இங்குள்ள வழக்கம்: மழை தொடங்கிய பின் காலடி வைக்க முடியாத மண்ணில் அது தேவையால் பிறந்த முறை. விதையைச் சற்று ஆழமாக ஊன்றினால் சிறு தூறலுக்கு ஏமாந்து முளைக்காமல், மண் ஆழம் வரை நனையும் மழைக்கே அது முளைவிடும். கம்பு, சோளம், குதிரைவாலி, வரகு, உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய் ஆகியவற்றோடு நடுநாயகமாகப் பருத்தி நின்றது. தானியமும் பயறும் தை மாசிக்குள் வீடு சேரும். பருத்தி எடுப்பு சித்திரை கடந்தும் நீளும். அதன்பின் அடுத்த புரட்டாசி வரை காட்டில் வேலை இல்லை. வேலையற்ற அந்த மாதங்களை மனத்தில் இருத்திக்கொள்ளாமல் இப்பகுதியின் பிற்காலத் தொழில் வரலாற்றைப் புரிந்துகொள்ள இயலாது.

இம்மண்ணுக்கு உழவர் வந்து சேர்ந்த கதை விஜயநகர, நாயக்கர் காலத்தோடு தொடர்புடையது. கழுகுமலையின் சமணச் சிற்பங்களும், 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையில் மேலிருந்து கீழாகக் குடையத் தொடங்கி முற்றுப்பெறாமலே நின்றுவிட்ட வெட்டுவான் கோயிலும், அதற்கு முன்பே இங்கு செழிப்பு இருந்ததைக் காட்டுகின்றன. ஆனால் கரிசலில் அடர்த்தியான குடியேற்றம் வடக்கிலிருந்து தெலுங்கும் கன்னடமும் பேசி வந்த மக்களோடு பெருகியது. திருநெல்வேலியின் உழவர் வரலாற்றை ஆராய்ந்த டேவிட் லட்டன், ஆற்றுப்பாசன நிலம், கலப்பு நிலம், வறண்ட நிலம் என அம்மாவட்டத்தைப் பிரித்துக் காட்டி, தக்காணக் கரிசலில் பழகியிருந்த தெலுங்கர் இங்குள்ள கரிசலில் குடியமர்ந்ததை விளக்குகிறார். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் ஊர்கள் அந்தக் குடியேற்றத்தின் தொடர்ச்சி. நாயக்கர் ஆட்சி ஏற்படுத்திய 72 பாளையங்களில், அதாவது படைக் கடமையும் வரிவசூல் உரிமையும் கொண்ட ஆட்சிப் பிரிவுகளில், எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் இங்கு அமைந்தன. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டதும், கிழக்கிந்தியக் கம்பெனியின் பக்கம் நின்ற எட்டயபுரம் ஜமீனாகத் தழைத்ததும் பலமுறை சொல்லப்பட்ட செய்திகள். அந்த எட்டயபுர அரண்மனையின் ஆதரவில்தான் முத்துசுவாமி தீட்சிதர் தம் கடைசிக் காலத்தைக் கழித்து 1835இல் மறைந்தார். வறண்ட சீமையின் சிற்றரண்மனை ஒன்று கர்நாடக இசையின் வரலாற்றில் இடம்பிடித்த விதம் இது.

19ஆம் நூற்றாண்டில் இந்த நிலத்தின் தலைவிதியை அரண்மனையைவிடப் பருத்தியே தீர்மானித்தது. கருங்கண்ணி, உப்பம் என்ற இரு நாட்டுப் பருத்தி வகைகள் கலந்து விளைந்த பஞ்சு, ஏற்றுமதிச் சந்தையில் ‘தின்னவேலி’ என்ற வணிகப் பெயரால் அறியப்பட்டது. கொட்டை நீக்கி, பொதியாக்கி, மாட்டு வண்டிகளில் தூத்துக்குடிக்குச் சென்ற இப்பஞ்சுக்கு, 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் லங்காஷயர் ஆலைகளைப் பட்டினி போட்டபோது, அதுவரை கண்டிராத விலை கிடைத்தது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. ஆனால் காசுப்பயிர் என்ற பழக்கம் சரியவில்லை. 1876 தொடக்கத்தில் மதுரை – தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டு, அது கோவில்பட்டி வழியாகச் சென்றதால், செண்பகவல்லியம்மன் உடனுறை பூவனநாதர் கோயிலைச் சுற்றிய ஊர் பஞ்சு வியாபாரத்தின் சந்தியாக மாறத் தொடங்கியது. அதே ஆண்டில் தென்னிந்தியாவைப் பிடித்த பெரும்பஞ்சம் 1878 வரை நீடித்தது. புதிய தண்டவாளமும் பஞ்சமும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயலே என்றாலும், இந்த வட்டாரத்தில் செல்வமும் பசியும் அருகருகே நடந்த விதத்துக்கு அது பொருத்தமான தொடக்கமாகத் தோன்றுகிறது.

பஞ்சில் இலாபம் கண்டவர் இருந்தது போலவே கையைச் சுட்டுக்கொண்டவரும் உண்டு. எட்டயபுரம் அரண்மனையோடு தொடர்புகொண்டிருந்த சின்னசாமி ஐயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூரில் பருத்தி ஆலை ஒன்றை நிறுவ முயன்று, அது நொடித்துப்போக, பொருளிழந்து 1898இல் இறந்தார். அவர் மகன் சுப்பிரமணியன், பின்னாளில் பாரதியாராக அறியப்பட்டவர், இளமையில் கண்ட வறுமைக்குக் கரிசல் பருத்தியின் சந்தைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பாரதி ஆய்வில் போதிய அழுத்தம் பெறாத செய்தி. இதே பகுதியின் ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ. உ. சிதம்பரனார் 1908இல் தூத்துக்குடிக் கோரல் நூலாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். காட்டிலிருந்து கப்பலுக்குச் சென்ற பஞ்சின் பாதை முழுவதிலும் அரசியல் முளைத்திருந்தது.

பருத்தியின் தரத்தைக் காப்பது அரசின் கவலையாகவும் ஆயிற்று. ‘புளிச்சை’ என்ற மட்டரகப் பருத்தியைக் கருங்கண்ணியோடு கலப்பது வியாபாரத்தில் பரவியிருந்தது. குட்டையான, முரட்டு இழை கொண்ட அந்த வகையை அரைத்தால் கொட்டை குறைந்து பஞ்சின் பங்கு கூடுதலாகக் கிடைத்தது என்பதே காரணம். இதற்கு எதிராகச் சென்னை மாகாண வேளாண் துறை நல்ல விதையைத் தேர்ந்து பரப்பும் வேலையை மேற்கொண்டது. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம், நாட்டிலேயே மானாவாரி வேளாண்மைக்கான மிகப் பழைய ஆய்விடங்களுள் ஒன்று. இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. ‘கோ’ என்பது கோயம்புத்தூர் இரகத்தைக் குறிப்பது போல, ‘கே’ என்ற எழுத்தில் தொடங்கும் சோளம், கம்பு, மிளகாய், பருத்தி இரகங்கள் கோவில்பட்டியின் முத்திரை பெற்றவை. மழைக்கு முன் விதைப்பு, விதையைக் கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி வறட்சி தாங்கவைக்கும் ‘விதை கடினப்படுத்துதல்’ போன்ற முறைகளை இந்நிலையம் வரையறுத்துப் பரப்பியது. ஊரார் அனுபவத்தில் அறிந்திருந்த ஒன்றை அளந்து ஒழுங்குபடுத்தியது என்று சொல்வதே இதில் பலவற்றுக்குச் சரியாகும். லட்சுமி மில், லாயல் மில் என்று ஊரார் அழைக்கும் நூலாலைகளால், விளைந்த பஞ்சு விளைந்த இடத்திலேயே நூலாகும் காலம் பிறந்தது.

இனி தீப்பெட்டி. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் ஏன் வேர்விட்டது என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை வறண்ட காற்று என்பதாகும். மருந்து முக்கிய குச்சியும் ஒட்டிய பெட்டியும் வெயிலில் விரைவாகக் காயும், ஆண்டின் பெரும்பகுதி மழைத் தொந்தரவு இல்லை என்பதெல்லாம் உண்மையே. ஆனால் இந்தியாவில் வறண்ட காற்றுக்குப் பஞ்சமில்லை. அது வீசும் இடமெல்லாம் தீப்பெட்டி செய்யவில்லை. குச்சிக்கு வேண்டிய மெதுமரம் கேரளத்திலிருந்து வரவேண்டும், மருந்துச் சரக்கு வெளியிலிருந்து வரவேண்டும், விற்பனையோ நாடு முழுவதும் நடக்கவேண்டும் என்றிருந்த ஒரு தொழிலை இங்கே நிலைநிறுத்திய காரணங்கள் மூன்று: இருப்புப்பாதை, வணிகச் சமூகத்தின் முதல், பருத்தி எடுப்பு முடிந்தபின் கூலியின்றி நின்ற கைகள். முதலாவதைப் பருத்தி கொண்டுவந்திருந்தது. இரண்டாவதை நாடார் வணிகர்களின் உறவின்முறை அமைப்புகள் பல தலைமுறையாகச் சேர்த்திருந்தன. ஒவ்வொரு வியாபாரியும் தன் வரவிலிருந்து ஒரு சிறு பங்கைப் பொதுநிதிக்குத் தரும் ‘மகமை’ என்ற ஏற்பாடு, பேட்டைகளையும் பள்ளிகளையும் கட்டியதோடு நம்பிக்கைக் கடனுக்கும் அடித்தளமாயிற்று. மூன்றாவதைத் தந்தது ஒரு மழைக்கு ஒரு வெள்ளாமை மட்டுமே தரும் மண்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா எரித்த தீக்குச்சி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. 1922இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழிலைக் கற்றுத் திரும்பி, அடுத்த ஆண்டில் சிவகாசியில் உற்பத்தியைத் தொடங்கினர். அதே காலத்தில் சுவீடன் முதலீட்டில் ‘விம்கோ’ நிறுவனம் இயந்திர ஆலைகளோடு இந்தியாவில் இறங்கியது. 1934இல் தீப்பெட்டிக்கு உற்பத்தித் தீர்வை விதிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் கையால் செய்யும் சிறு தொழிலகங்களுக்கு இயந்திர ஆலைகளைவிடக் குறைந்த தீர்வை என்ற கொள்கை நிலைபெற்றதால், சிறு கூரைகளின் கீழ் இயங்கிய உற்பத்தி பன்னாட்டு நிறுவனத்தோடு போட்டியிட்டு வென்றது. கரிசல் ஊர்களில் அந்தக் கூரைகளுக்குத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று பெயர். காட்டு வேலையிலிருந்து மாறி, மணிக்கணக்கு உள்ள ஓரிடத்துக்கு வேலைக்குப் போவது ஆபீசுக்குப் போவதாகவே மக்களுக்குப் பட்டிருக்கவேண்டும்.

வேலை பல கூறாகப் பிரிந்திருந்தது. குச்சிகளைச் சட்டத்தில் இடைவெளி விட்டு அடுக்குதல், மெழுகிலும் பின் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை சேர்ந்த மருந்திலும் தலையை முக்குதல், உலர்த்துதல், பெட்டிக்குள் அடைத்தல், பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் பூசுதல், லேபிள் ஒட்டுதல், தீர்வை செலுத்தியதற்கு அடையாளமான பேண்ட்ரோல் சீட்டைச் சுற்றுதல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூலி. 600 பெட்டி கொண்டது ஒரு பண்டல். முக்குதல் ஆண்களிடம் இருந்தது. அடுக்குதலும் அடைத்தலும் பெண்களிடமும், நெடுங்காலம் குழந்தைகளிடமும் இருந்தன. பெட்டி ஒட்டுதல் வீட்டுத் திண்ணைக்கே வந்தது. விடியுமுன் கிராமங்களுக்கு வண்டி அனுப்பிச் சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்ற வழக்கம் 1980களில் நாடறிந்த விவாதமாயிற்று. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 1996 டிசம்பரில், எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்தவேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தன. சிவகாசியைக் குறிக்கும் ‘குட்டி ஜப்பான்’ என்ற புகழ்மொழியை இத்தொழிலின் பெருமையாகச் சொல்வோர் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகின்றனர். சுரண்டல் என்ற ஒற்றைச் சொல்லில் முடிப்போர், பஞ்ச காலத்தில் ஊரை விட்டு ஓடவேண்டிய நிலையிலிருந்த குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதும் வாரக்கூலி கிடைத்ததைத் தாண்டிவிடுகின்றனர். இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்தவை.

சட்டமும் பள்ளி மதிய உணவும் கூலி உயர்வும் சேர்ந்து குழந்தைகளை வெளியேற்ற, இயந்திரமும் பகுதி இயந்திரமும் உள்ளே வந்தன. பண்டத்தின் விலை மட்டும் அசையவில்லை: 2007இல் ஒரு ரூபாயான தீப்பெட்டி, மூலப்பொருள் எல்லாம் ஏறிய பின் 2021 டிசம்பர் 1 அன்றுதான் இரண்டு ரூபாயானது. நெகிழி லைட்டர்களின் படையெடுப்பை எதிர்த்துக் கோவில்பட்டி உற்பத்தியாளர்கள் தொடர்ந்து குரல் எழுப்பியதன் பின்னணியில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023இல் மத்திய அரசு தடை விதித்தது.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு ஓவியம் வேண்டும். இந்தத் தேவைக்குள் கோவில்பட்டி தற்செயலாகப் பெற்ற பேறு சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு வந்த அவர், 1940களில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த மீனாட்சி கல்யாணமும் முருகனும் இலட்சுமியும் சிவகாசி அச்சகங்களில் நாள்காட்டிகளாகப் பெருகி, இந்திய வீடுகளின் பூசையறைச் சுவர்களை அடைந்தன. 1976இல் அவர் மறைந்த பின்னும் அந்த முகச்சாயல் மாறவில்லை. தெய்வம் எப்படி இருக்கும் என்று கேட்டால் தென்னிந்தியர் பலர் மனத்தில் எழும் உருவம், நாடகத் திரையின் ஒளியும் கோயில் சிற்பத்தின் நிற்கும் அழகும் கலந்து இந்த ஊரில் உருவானது. கலை வரலாற்றாசிரியர் இதை ஏற்றுக்கொள்ள வெகுகாலம் பிடித்தது.

கோவில்பட்டியின் பெயரைச் சுமக்கும் மற்றொரு பண்டமான கடலைமிட்டாய்க்கு இவ்வளவு சிக்கலான வரலாறு இல்லை. 1940களில் மளிகைக் கடை நடத்திய பொன்னம்பல நாடார் கருப்பட்டிப் பாகில் செய்து விற்றதே தொடக்கம் என்று ஊரார் கூறுவர். பின்னர் கருப்பட்டியின் இடத்தை வெல்லம் பிடித்தது. வறுத்துத் தோல் நீக்கி உடைத்த நிலக்கடலையைப் பதம் பார்த்த பாகில் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருளையால் தட்டையாக்கி, சூடு ஆறுமுன் வில்லைகளாக வெட்டுவர். சுவையின் இரகசியத்தைத் தாமிரபரணித் தண்ணீர் என்பாரும் சுற்றுவட்டார நிலக்கடலை என்பாரும் உண்டு; பாகின் பதம் அறிந்த கை என்பதே பொருத்தமான விடையாகும். 2020 ஏப்ரலில் ‘கோவில்பட்டி கடலைமிட்டாய்’ புவிசார் குறியீடு பெற்றது. அதாவது, குறிப்பிட்ட வட்டாரத்தில் வரையறுத்த முறையில் செய்ததற்கு மட்டுமே அப்பெயர் உரியது.

கரிசலின் பேச்சு எழுத்துக்கு வந்தது, சுற்றுவட்டாரத்தில் கிடைத்த மற்ற விளைச்சல்களைவிட வியப்பானது. இடைசெவல் என்ற ஒரே சிற்றூரில் 1923ஐ ஒட்டிய ஓராண்டு இடைவெளிக்குள் பிறந்த கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் ஆகிய இருவரும் சாகித்திய அக்காதெமி விருது பெற்றனர், முன்னவர் மறைந்த பின், 1970இல், ‘அன்பளிப்பு’க்காக, பின்னவர் 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக. பள்ளிப் படிப்பை முடிக்காத உழவரான கி.ரா. கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து ஓர் அகராதியே உருவாக்கினார். தமிழ்நாட்டில் வட்டார வழக்கு என்றால் கொச்சை என்று கருதிய காலத்தில் அது துணிவான காரியம். அவருடைய கதைகளின் ஊர்கள் பெரும்பாலும் சம்சாரிகளின், அதாவது நிலமுள்ள உழவர்களின், ஊர்கள். அதே காட்டில் கூலி வேலை செய்தோரின் கண்ணிலிருந்து கரிசல் எப்படித் தெரியும் என்பதைப் பூமணியின் ‘பிறகு’ம் சோ. தர்மனின் ‘கூகை’யும் காட்டிய பின்னரே படம் நிறைவு பெற்றது. 1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் சாதிப் பூசல் கலவரமாக வெடித்த காலத்தைப் பூமணி ‘அஞ்ஞாடி’யில் நாவலாக்கினார், அதற்கு 2014இலும், கண்மாயின் அழிவைச் சொல்லும் சோ. தர்மனின் ‘சூல்’ நாவலுக்கு 2019இலும் அக்காதெமி விருது கிடைத்தது. ஒரு வட்டாரத்தைக் கொண்டாடும் எழுத்து அதன் காயங்களையும் எழுதியதே கரிசல் இலக்கியத்தின் வலு.

காடு இப்போது வேறு நிறம் காட்டுகிறது. ஆலைகள் நீள இழையைக் கேட்கத் தொடங்கியபோதே கருங்கண்ணி பின்வாங்கியது. கடந்த இருபது ஆண்டுகளில் கோழித்தீவனத் தேவையால் மக்காச்சோளம் பருத்தியின் இடத்தைப் பெருமளவு பிடித்தது. அமெரிக்கப் படைப்புழு 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்து, அந்தப் பருவத்திலேயே கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பகுதி மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்றபோது, ஒற்றைப் பயிரை நம்பியதன் விலை தெரிந்தது. பயறும் சிறுதானியமும் கலந்து விதைத்த பழைய காட்டில் ஒன்று போனாலும் மற்றொன்று மிஞ்சும். எட்டயபுரத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தை இன்றும் குறையவில்லை. மழை பொய்த்த ஆண்டில் ஆடுதான் சம்சாரியின் கைமுதல். தரிசாக விடப்பட்ட காடுகளைச் சீமைக் கருவேலம் மூடிக்கொள்ள, அதை வெட்டி அடுக்கி, மண் பூசி, உள்ளே நெருப்பிட்டுப் பல நாள் புகையவிட்டுக் கரியாக்கும் ‘மூட்டம்’ போடுதல் விளாத்திகுளம் பக்கத்தில் தனித்தொழிலாகிவிட்டது. புரட்டாசி பிறந்ததும் அந்த முள்மரங்களுக்கு இடையே உழப்பட்ட காடுகளில், மாட்டுக்குப் பதில் டிராக்டர் இழுக்கும் விதைப்புக் கருவியால், வானத்தில் மேகம் தெரியுமுன்பே விதை மண்ணுக்குள் போகிறது.